விடுகதையும் புதிரும்: கூடி உட்காரும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். ஒரு ஃபிளாஸ்க் டீ, ஒரு பொட்டலம் வறுகடலை, இரண்டு மூன்று புதிர். சில வருடங்களாக ஓடுகிறது. ஆட்கள் மாறுகிறார்கள், புதிதாக வருகிறவர்களின் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன். விடைகளும் உள்ளேயே இருக்கின்றன. தானே போட்டுப் பார்க்க நினைக்கிறவர்கள் அந்தந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடுகதை, புதிர் எல்லாம் ஒண்ணுதானே? ஏன் பிரிச்சுப் பேசறீங்க?

பேச்சில் ஒன்றுதான். போட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். விடுகதை ஒரு பொருளை இன்னொன்றாகக் காட்டி மறைக்கும். “ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்” என்றால் தேங்காய். இதைப் படிப்படியாகப் போட முடியாது. சட்டென்று பிடிபடும், இல்லாவிட்டால் கடைசிவரை பிடிபடாது. தருக்கப் புதிரில் வேண்டியதெல்லாம் கேள்விக்குள்ளேயே இருக்கும். ஆகாததை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் மிஞ்சுவது விடை.

தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்கிறது. அதை உவமையோடு வருவது, சொன்ன அடையாளங்களை வைத்து இன்னதென்று துணிவது என இரண்டாகவும் பிரிக்கிறது. தெற்கே சில ஊர்களில் அழிப்பான் கதை என்பார்கள், ஈழத்தில் நொடி என்பார்கள். எந்தப் பெயரில் போட்டாலும் சரி, அவிழ்த்தால் போதும்.

கணக்குன்னாலே எனக்கு ஆகாது. நான் வந்து என்ன பண்றது?

எங்கள் கூட்டத்தில் வேகமாகப் போடுகிறவர் ஒரு தையல்காரர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒருநாள் பழைய கொக்குக் கணக்கைப் போட்டோம். வானத்தில் பறந்துபோன கொக்குக் கூட்டத்தைப் பார்த்து, குளத்தில் நின்ற ஒற்றைக் கொக்கு “நூறு பேரா போறீங்க?” என்றதாம். “நாங்களும், எங்களைப் போல இன்னொரு மடங்கும், எங்களில் பாதியும், அந்தப் பாதியில் பாதியும், உன்னையும் சேர்த்தால்தான் நூறு” என்று பதில் வந்ததாம். பறந்தவை எத்தனை?

கல்லூரிக்குப் போனவர்கள் எல்லாம் எக்ஸ் என்று வைத்துச் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தோம். அவர் சட்டைப்பையிலிருந்து துணி மார்க் பண்ணும் சாக்கை எடுத்துத் தரையில் ஒரு பட்டை போட்டு நாலாகப் பிரித்தார். கூட்டம் நாலு துண்டு, இன்னொரு மடங்கு நாலு, பாதி ரெண்டு, பாதியில் பாதி ஒன்று. மொத்தம் பதினொரு துண்டு. நூறிலிருந்து ஒற்றைக் கொக்கைக் கழித்தால் 99. ஒரு துண்டு ஒன்பது, நாலு துண்டு 36. டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். சும்மா வாங்க.

முதல் தடவை நண்பர்களைக் கூட்டும்போது எதுல ஆரம்பிக்கலாம்?

எல்லோருக்கும் பாதி ஞாபகம் இருக்கிற விடுகதைகளில். “ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய மண்டபம், ஒருவன் கண் பட்டு உடைந்தது” என்று எடுத்துக் கொடுத்தால் யாராவது தேன்கூடு என்பார்கள். உடனே அவர் பாட்டி சொன்னது ஒன்று வரும், அப்புறம் நிறுத்துவதுதான் கஷ்டம்.

அதன்பின் கையால் செய்து பார்க்கிற மாதிரி ஒன்று. 5 லிட்டர் பாத்திரம், 3 லிட்டர் பாத்திரம், குழாயில் வேண்டிய அளவு தண்ணீர். சரியாக 4 லிட்டர் எடுக்க வேண்டும். ஐந்தை நிரப்பி மூன்றில் ஊற்றினால் இரண்டு மிஞ்சும். மூன்றைக் கொட்டிவிட்டு அந்த இரண்டை அதில் ஊற்றுங்கள். மறுபடி ஐந்தை நிரப்பி, மூன்றில் காலியாக இருக்கும் ஒரு லிட்டர் இடத்தை நிரப்பினால் ஐந்தில் நிற்பது நாலு. முதல் நாளே இதைவிடக் கடினமானதை எடுத்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

நான் புதிர் போட்டா “இதை முதல்லயே சொல்லலையே”ன்னு சண்டைக்கு வர்றாங்க. தப்பு யார் மேல?

உங்கள் மேல்தான். புலி, ஆடு, புல்லுக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றைக் கடக்க வேண்டும், படகில் படகோட்டியோடு ஒன்றை மட்டும்தான் ஏற்றலாம், அவன் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். இதில் ஒரு வரியை விட்டாலும் புதிர் போச்சு. 8ஆம் நூற்றாண்டு அறிஞர் அல்குயினுடையதாகச் சொல்லப்படும் லத்தீன் தொகுப்பிலும் இதே புதிர் இருக்கிறது. அங்கே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். ஆட்டை முதலில் அக்கரை சேர்த்து, திரும்பி வந்து புலியைக் கொண்டுபோய் விட்டு, ஆட்டைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பதுதான் முடிச்சு. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் மனசு வராது. அப்புறம் புல், கடைசியில் மறுபடி ஆடு. மொத்தம் ஏழு நடை.

நானே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இருட்டில் நாலு பேர் ஒரு பாலம் கடக்க வேண்டும். 1, 2, 5, 10 நிமிடம் ஆகும் ஆட்கள். ஒரே டார்ச், ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் போகலாம், மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் இருவரும் நடக்க முடியும். டார்ச்சை யாராவது கையில் எடுத்துக்கொண்டு திரும்ப வரவேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். “இந்தக் கரைக்குத் தூக்கி எறிஞ்சா போச்சு” என்று ஒருவர் முடித்துவிட்டார். சொன்ன வார்த்தைக்கு அது சரிதான், வாயை மூடிக்கொண்டேன். சரியாகச் சொன்னால் விடை 17 நிமிடம். 1, 2 போகட்டும், 1 திரும்பட்டும், 5, 10 சேர்ந்து போகட்டும், 2 திரும்பட்டும், கடைசியில் 1, 2 போகட்டும். முக்கால்வாசிப் பேர் 19 என்பார்கள். வேகமானவரே ஒவ்வொருவரையும் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்துக்கொள்வதால் வருவது அது.

விடை தெரிஞ்சவன் உடனே போட்டு உடைச்சிடறான். என்ன செய்யறது?

எங்களிடம் ஒரே ஒரு சட்டம். முன்பே தெரிந்தவர், அல்லது இப்போது கண்டுபிடித்தவர், தன் டீ கிளாஸைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பேசக்கூடாது. எத்தனை கிளாஸ் கவிழ்ந்திருக்கிறது என்று பார்ப்பதிலேயே மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிடும். டீயைக் குடித்து முடிக்காமல் கவிழ்க்க முடியாது என்பது கூடுதல் வசதி.

எப்போ குறிப்பு குடுக்கணும்? எந்த அளவுக்குக் குடுக்கணும்?

ஒருவர் சொன்னதையே மூன்றாவது முறை சொல்ல ஆரம்பித்தால் குறிப்புக்கு நேரம் வந்துவிட்டது. அமைதியாக இருப்பவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் வேலையாக இருக்கிறார்.

ஒன்பது காசு. பார்க்க எல்லாம் ஒன்று போல, ஒன்று மட்டும் எடை குறைவு. எடைக்கல் இல்லாத தராசில் இரண்டே முறை நிறுத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லோரும் இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு என்று வைத்துத் திணறுவார்கள். “மூணு மூணா வை” என்று சொன்னால் அது குறிப்பாகாது, விடை. நான் “தராசுக்கு எத்தனை பதில் சொல்லத் தெரியும்?” என்று மட்டும் கேட்பேன். இடது இறங்கும், வலது இறங்கும். கொஞ்சம் கழித்து ஒரு குரல் வரும்: “ரெண்டும் சமமா நிக்கும்!” மூன்று பதில் சொல்லும் தராசுக்கு மூன்று பங்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அதிலிருந்து தானே வந்துவிடும். மூன்று காசுக்கு எதிர் மூன்று காசு. எந்தத் தட்டு மேலே போகிறதோ அதில், சமமாக நின்றால் வெளியே இருக்கும் மூன்றில், அந்தக் காசு இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றுக்கு எதிர் ஒன்று வைத்தால் இரண்டாவது நிறுவையில் முடிந்தது.

நான் சொன்ன விடையும் பொருந்துதே, அதை ஏன் தப்புங்கறீங்க?

விடுகதையில் நான் தப்பென்று சொல்வதில்லை. “காட்டிலே பச்சை, கடையிலே கருப்பு, வீட்டிலே சிவப்பு” என்றார் ஒரு பெரியவர். அவர் நினைத்தது அடுப்புக்கரி. மரமாகப் பச்சை, கரியாகக் கருப்பு, அடுப்பில் கங்காகச் சிவப்பு. கரியடுப்பைக் கண்ணால் பார்த்திராத பக்கத்து வீட்டுப் பையன் “தேயிலை” என்றான். மூன்று வரியும் உட்கார்ந்துவிட்டது. பெரியவரே கைதட்டினார். சொன்ன அடையாளம் எல்லாம் பொருந்தினால் அதுவும் விடைதான். ஒன்று மட்டும் பொருந்தாமல் “கிட்டத்தட்ட அதுதானே” என்று இழுத்தால்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தருக்கப் புதிரில் கதை வேறு. ஒரே விடைதான் என்று சொல்லிப் போட்ட புதிருக்கு இரண்டு விடை வந்தால், போட்டவர் ஏதோ நிபந்தனையை விழுங்கிவிட்டார் என்று அர்த்தம். மேலே டார்ச் கதையைப் பாருங்கள்.

மூணு பேர் சாப்பிட்ட 30 ரூபாய் கணக்குல அந்த ஒரு ரூபாய் எங்கதான் போச்சு?

எங்கும் போகவில்லை. மூன்று பேர் ஆளுக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்கள். பில் 25தான் என்று முதலாளி ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தனுப்ப, சர்வர் இரண்டைத் தான் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். “ஆளுக்கு ஒன்பது, ஆக 27. சர்வரிடம் 2. மொத்தம் 29. மீதி ஒன்று எங்கே?”

களவாணித்தனம் கடைசி வரியில் இருக்கிறது. சர்வர் எடுத்த 2 ஏற்கெனவே அந்த 27க்குள் இருக்கிறது: கல்லாவில் 25, சர்வர் பையில் 2. அதை மறுபடி கூட்டுவதில் ஒரு பொருளும் இல்லை. 30 வரவேண்டுமானால் 27ஓடு கைக்குத் திரும்பி வந்த 3ஐக் கூட்ட வேண்டும். இந்தப் புதிரைப் போடும்போது நிஜமான சில்லறையை வைத்துப் போடாதீர்கள். காசு கண்முன்னே இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்கள்.

பதினேழு ஒட்டகக் கணக்கும் இதே மாதிரி ஏமாத்துதானா?

கிட்டத்தட்ட. மூத்தவனுக்குப் பாதி, அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்று, கடைசிப் பையனுக்கு ஒன்பதில் ஒன்று என்று 17 ஒட்டகத்தை அப்பா எழுதி வைத்தார். பெரியவர் ஒருவர் தன் ஒட்டகத்தைச் சேர்த்து 18 ஆக்கி, 9, 6, 2 என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத் தன் ஒட்டகத்தோடு போனார். அப்பா எழுதிய பங்குகளைக் கூட்டிப் பாருங்கள், பதினெட்டில் பதினேழுதான் வரும். உயிலே முழுச் சொத்தையும் பங்கு போடவில்லை. ஆனால் பங்கு கிடைத்த மூவருக்கும் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே கிடைத்ததால் யாரும் சண்டை போடவில்லை.

ஐந்து வீடு, ஐந்து நிறம், மீன் யாருடையதுன்னு ஒரு புதிர் வருதே. ஐன்ஸ்டைன் போட்டது, 2 சதவீதம் பேராலதான் முடியும்னு சொல்றாங்களே?

ஐந்து நிற வீடுகளில் ஐந்து பேர், ஆளுக்கொரு நாடு, பானம், சிகரெட், வளர்ப்புப் பிராணி; குறிப்புகளை வைத்து மீன் வளர்ப்பவரைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்தப் புதிர்தானே? நீங்கள் சொன்ன இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. இந்த வகைப் புதிரின் பிரபலமான வடிவம் 1962இல் லைஃப் இன்டர்நேஷனல் பத்திரிகையில் வந்தது. அதில் தேட வேண்டியது வரிக்குதிரை. ஐன்ஸ்டைன் சிறுவனாக இருந்தபோது எழுதினார் என்பார்கள், ஆனால் அந்த வடிவத்தில் பேர் சொல்லி வரும் கூல் சிகரெட் 1933இல்தான் விற்பனைக்கே வந்தது.

2 சதவீதத்தைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, நிச்சயமானதை எழுதி, முடியாததை அடித்துக்கொண்டே வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலானவர்கள் முடித்துவிடுவார்கள். எங்கள் தையல்காரருக்கு இது பிடிக்காது. “ரேஷன் கார்டு ஃபாரம் நிரப்பற மாதிரி இருக்கு” என்பார்.

“எனக்குத் தெரியாது”ன்னு ஒருத்தன் சொல்றதை வச்சு எப்படி விடை கண்டுபிடிக்க முடியும்?

செரிலின் பிறந்தநாள் புதிரைத்தான் கேட்கிறீர்கள். 2015இல் சிங்கப்பூரில் பள்ளி மாணவர்களுக்கான ஒலிம்பியாட் தேர்வில் வந்து உலகம் முழுக்கச் சுற்றியது. செரில் பத்துத் தேதிகளைச் சொல்கிறாள், அதில் ஒன்று அவள் பிறந்தநாள்: மே 15, 16, 19; ஜூன் 17, 18; ஜூலை 14, 16; ஆகஸ்ட் 14, 15, 17. ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் நாளை மட்டும் காதில் சொல்கிறாள். ஆல்பர்ட்: “எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.” பெர்னார்ட்: “முதலில் எனக்குத் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது.” ஆல்பர்ட்: “அப்படியென்றால் எனக்கும் தெரிந்துவிட்டது.”

இதை வாயால் விளக்கி விளக்கித் தோற்றுப்போய், கடைசியில் நடித்துக் காட்டினோம். பத்துச் சீட்டில் பத்துத் தேதியை எழுதிப் பாயில் பரப்பினோம். ஒவ்வொரு பேச்சுக்கும் ஆகாத சீட்டைத் திருப்பிப் போட வேண்டும். 18, 19 இரண்டும் ஒரே ஒரு முறைதான் இருக்கின்றன. பெர்னார்டிடம் அதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அவனுக்குத் தெரியாது என்று ஆல்பர்ட் அடித்துச் சொல்கிறான் என்றால், அவன் கையில் இருக்கும் மாதம் மேயோ ஜூனோ இல்லை. ஐந்து சீட்டு திரும்பியது.

மிச்சம் ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. இப்போது பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால் அவனிடம் 14 இல்லை, அது இரண்டு மாதத்திலும் இருக்கிறதே. இன்னும் இரண்டு திரும்பியது. கிடப்பது ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. ஆல்பர்ட்டுக்கும் தெரிந்துவிட்டது என்றால் அவன் மாதத்தில் ஒரே சீட்டுதான் மிஞ்சியிருக்க வேண்டும். ஜூலை 16. சீட்டு திரும்பும் சத்தத்தில்தான் எங்களில் பலருக்கு விளங்கியது.

மூணு கதவுப் புதிர்ல மாத்தினா நல்லதுன்னு நீங்க சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். மிச்சம் ரெண்டு, பாதிக்குப் பாதிதானே?

ஒரு கதவுக்குப் பின்னால் கார், இரண்டுக்குப் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், நடத்துகிறவர் மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, “மாத்திக்கிறீங்களா?” என்கிறார். மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. ஒத்துக்கொள்ளாதது நீங்கள் மட்டும் இல்லை. 1990இல் அமெரிக்கப் பத்திரிகையான பரேடில் கேள்வி-பதில் பத்தி எழுதிய மர்லின் வாஸ் சாவந்த் இதைச் சொன்னபோது, தப்பென்று ஆயிரக்கணக்கில் கடிதம் வந்தது. கணிதப் பேராசிரியர்களும் எழுதினார்கள். அவர் சொன்னதுதான் சரி.

வாதாடாமல் மூன்று டீ கிளாஸைக் கவிழ்த்து, ஒன்றில் கடலையை வைத்து முப்பது தடவை விளையாடுங்கள். முதலில் காலி கிளாஸைத் தொட்டிருந்தால் மாற்றும்போது கடலை கிடைக்கிறது. முதலில் காலியைத் தொடுவது மூன்றில் இரண்டு முறை நடக்கும். ஒரு நிபந்தனை முக்கியம்: நடத்துகிறவருக்கு எங்கே இருக்கிறதென்று தெரியும், அவர் எப்போதும் காலியைத்தான் திறப்பார். தெரியாமல் எதையோ திறந்து அது தற்செயலாகக் காலியாக இருந்தால், நீங்கள் சொல்வதுபோல் பாதிக்குப் பாதிதான். பல வீடுகளில் நடந்த சண்டை, இந்த வரியைச் சொல்லாமல் விட்டதால் வந்தது.

ஃபோன்ல தேடிப் பார்த்து விடை சொன்னா தப்பா?

வீட்டுக்குப் போய்த் தேடுங்கள், தப்பே இல்லை. மாடியில் தேடினால் கிளாஸைக் கவிழ்த்துவிட்டு உட்கார வேண்டும், மேலே சொன்ன சட்டம்தான். ஒன்று மட்டும்: தேடிக் கிடைத்த விடையை “ஏன்” என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விடை தெரிஞ்சதும் புதிர் செத்துடுதே. அப்புறம் அதை வச்சு என்ன பண்றது?

ஒரு நிபந்தனையை மாற்றிப் பாருங்கள். கேம்பிரிட்ஜில் கணித மேதை ராமானுஜன் அறைக்கு ஒருநாள் அவர் நண்பர், பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் பேர் பெற்ற மகலனோபிஸ் சாப்பிட வந்திருந்தார். ராமானுஜன் அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருக்க, இவர் மேஜையில் உட்கார்ந்து ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் 1914இல் வந்த ஒரு புதிரை வாசித்தார். ஒரு தெருவில் 1, 2, 3 என்று வரிசையாக எண் போட்ட வீடுகள். ஒருவர் வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50க்கு மேல், 500க்குள் வீடுகள். அவர் வீட்டு எண் என்ன? மகலனோபிஸ் தட்டுத்தடுமாறிச் சில நிமிடங்களில் விடையைப் பிடித்துவிட்டார்: 288 வீடுகள், எண் 204. ராமானுஜன் கரண்டியை விடாமலே “எழுதிக்கொள்ளுங்கள்” என்று, பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். இந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, இதுபோன்ற எல்லாத் தெருக்களுக்கும் விடை அதற்குள் இருந்தது.

50, 500 என்ற வேலியை எடுத்துவிட்டால் புதிர் மறுபடி உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது. எட்டு வீட்டுத் தெருவில் 6ஆம் எண்: இந்தப் பக்கம் 1 முதல் 5 வரை 15, அந்தப் பக்கம் 7உம் 8உம் 15. அடுத்தது 49 வீடுகளில் 35. அப்புறம் 288இல் 204. அதற்கும் அடுத்த தெருவை எங்கள் மாடியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினோம், 1681 வீடுகள், எண் 1189. கண்டுபிடித்தவர் கிளாஸைக் கவிழ்த்த வேகத்தில் மீதி டீ பாயில் கொட்டிவிட்டது.